புஷ்பவள்ளி சொல்லாமல் வைத்த சேதி

“ஒன் நாக்கு அழுகிப் போவும்டி! எம்புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?”

“மரியாதையா பேசு நீலா. நான் என்னா இல்லாததயா சொல்லிட்டேன்? புள்ளைக்கி இனிப்புநீர் இருக்கு, நேரத்துக்கு ஊசி போடணும், கொஞ்சம் ஒக்கார விடுங்கன்னு சொன்னது ஒரு குத்தமா?”

“ஒன்னைய எவ சொல்லச் சொன்னா?”

“நல்லதுக்குத்தான்லா சொன்னேன்!”

“ஒன் நல்லதக் கொண்டுபோயி ஆத்துல கொட்டு!”

மலேசியாவில் லிங்கி ஆற்றை ஒட்டிய அந்தச் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இடிக்காமல் விட்டிருந்த ஒரே லயம் அது. பதினோரு வீடுகளில் நான்கில்தான் தமிழர்கள். மற்றதெல்லாம் வங்காளதேசத்துப் பையன்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் அந்தப் பையன்கள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும், குட்டையாகப் பருத்திருந்தவள்தான் தப்புச் செய்தவள் என்பது அவர்களுக்கே தெரிந்துபோயிற்று. தப்புச் செய்தவள்தானே அவ்வளவு நியாயம் பேசுவாள்.

புஷ்பவள்ளி பொய் சொல்லவில்லை. அதுதான் அவளிடம் இருந்த கெட்ட பழக்கம். ஊரில் அவள் பரப்பிய எதுவும் பொய்யாக இருந்ததில்லை. பக்கத்து வீட்டு நீலாவதியின் மகள் ஷாமினிக்குச் சிரம்பானில் முத்துலெட்சுமியின் துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. ரவிக்கைத் துணி வாங்கப்போன புஷ்பவள்ளி, பக்கத்து வீட்டுப் பிள்ளை நாள் முழுக்க நின்று கஷ்டப்படக்கூடாதே என்று கல்லாவில் இருந்த அந்தம்மாவிடம் நாலு வார்த்தை சொல்லி வைத்தாள். முத்துலெட்சுமி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கடைப் பையனை அனுப்பிக் காப்பிகூட வரவழைத்துக் கொடுத்தாள். மறுநாளே ஷாமினிக்குப் போன் வந்தது: வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டோம், வரவேண்டாம்.

சண்டை வாயோடு முடியவில்லை. நீலாவதி அவள் கையைப் பிடித்து லயத்துக் கோடியில் இருந்த முனியாண்டி மேடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கற்பூரம் ஏற்றினாள். அடி, என்றாள். அந்தத் தோட்டத்தில் அதற்கு மேல் ஒரு கோர்ட்டு கிடையாது. எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு அதை மீறியவர்களைப் பற்றிப் புஷ்பவள்ளியிடமே ஏழெட்டுக் கதைகள் இருந்தன. பாம்பு, பக்கவாதம், இரண்டு லாரி விபத்து. எல்லாம் அவளே விரிவாகச் சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கியவைதான். அதனாலேயே அவள் கையை ஒருமுறை முந்தானைக்குள் ஒளித்துப் பார்த்தாள்.

“ஷாமினியப் பத்தியும் அவ வியாதியப் பத்தியும் இனிமே எவருகிட்டயும் என் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

அடித்தாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அவளுடைய கணவர் நல்லசாமி, தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், வீட்டுக்குத் திரும்பிய பிறகு எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே சொன்னார்: “முனியாண்டிக்குப் பாவம், இனி வேற வேலயே பாக்க முடியாது. ஒனக்குக் காவலுக்கே நேரம் சரியா இருக்கும்.”

ஷாமினிக்கு ஏழு வயதில் வந்த சர்க்கரை நோய் அது. கிழவர்களுக்கு வருகிற இனிப்புநீர் இல்லை, பிள்ளைகளுக்கு வருவது. ஊசியை விட்டால் உயிர் இல்லை. பதினோரு வருடமாக அம்மாவும் மகளும் சிரம்பான் ஆஸ்பத்திரியின் சிறுவர் கிளினிக்குக்குப் போய் வந்தார்கள். சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும். அங்கிருந்த டாக்டருக்கு ஷாமினியின் பூனைப் பேர்கூடத் தெரியும். நர்ஸ் விமலா மிஸ்ஸி ஒரு தவணை தவறினாலும் போன் அடிப்பாள். நீலாவதி போன் எடுக்காவிட்டால் புஷ்பவள்ளிக்கு அடிப்பாள். அப்படி வந்த ஒரு போனில் விமலா மிஸ்ஸியின் நாத்தனார் விவாகரத்து வரைக்கும் புஷ்பவள்ளி அறிந்துகொண்டாள். ரத்தம் குத்திப் பார்ப்பது, எத்தனை யூனிட் என்று கணக்குப் போடுவது, டாக்டர் கேட்டால் பதில் சொல்வது எல்லாம் நீலாவதி. ஷாமினியின் வேலை விரலை நீட்டுவது மட்டும்.

பதினெட்டு முடிந்ததும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இனிமேல் பெரியவர்கள் பகுதி, பின்கட்டடம், இரண்டாவது மாடி. விமலா மிஸ்ஸி அவளைக் கட்டிப்பிடித்து, குழந்தைகளுக்குக் கொடுக்கிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றைக் கடைசியாகப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்தாள்.

பின்கட்டடத்துக்கு அவர்கள் முதல் தடவை போனது சண்டை நடந்த அதே வாரம். அங்கே என்ன நடந்தது என்பது புஷ்பவள்ளிக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. அந்த லயத்து வீடுகளுக்கு நடுவில் இருப்பது பலகைச் சுவர். அது கூரையைத் தொடாமல் இரண்டடி கீழேயே நின்றுவிடும். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை, சோறு வடிக்கும்போது காதைக் கழற்றி வைக்க முடியாதல்லவா. எண்பது பேர் வரிசை. எல்லாரும் கிழம். ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவருக்குக் கண் இல்லை, ஒரு சீனத்து அம்மாவுக்குக் கையில் டயாலிசிஸ் குழாய். நடுவில் ஷாமினி. புது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, பெண் பெரியவளாகிவிட்டாள், அம்மா வெளியே இருக்கட்டும் என்றாராம். காலையில் எத்தனை யூனிட் என்று கேட்டிருக்கிறார். ஷாமினிக்குத் தெரியவில்லை. கதவைப் பார்த்தாளாம். “இனி நீயேதான் போட்டுக்கணும், நீயேதான் எழுதணும், நாலு மாசம் கழிச்சி மெஷினையும் புத்தகத்தையும் கொண்டா”, அவ்வளவுதான்.

“மா, அங்க ஒக்காந்திருக்கிறவங்க எல்லாம் நான்தான்மா. பின்னாடி வரப்போற நான். லோகேஸ் இதத்தான் சொன்னா.”

“அவ பேர எடுக்காத ஷாமினி.”

லோகேஸ்வரி சிரம்பானை அடுத்த மந்தின் ஊர்ப் பெண். சிறுவர் கிளினிக்கில் ஷாமினியோடு ஒரே பெஞ்சில் பத்து வருடம் உட்கார்ந்தவள், ஒரு வயது மூத்தவள், அதனால் ஒரு வருடம் முன்னதாகவே பின்கட்டடத்துக்குப் போனவள். ஒரு தவணை போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. யாரும் போன் அடிக்கவில்லை. அங்கே அடிப்பதற்கு விமலா மிஸ்ஸி இல்லை. ஊசியை அவள் எப்போது நிறுத்தினாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மதியம் தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். சாவுக்கு லயத்துத் தமிழர்கள் எல்லாரும் ஒரே வேனில்தான் போனார்கள், புஷ்பவள்ளியும்தான். இரண்டு வாரத்துக்குச் சொல்லக் கதை கிடைத்தது என்பது வேறு. ஆனால் பெட்டிக்குள் கிடந்த அந்தப் பிள்ளையின் விரல் நுனிகளில் கடுகு தெளித்ததுபோல் இருந்த கரும்புள்ளிகளை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏனோ சொல்லத் தோன்றவில்லை.

சத்தியம் செய்து ஒரு மாதம் இருக்கும். காலையில் பின்பக்கக் கால்வாயில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், நீலாவதி சமையல்கட்டு வாசலில் குந்தி எதையோ செய்வதைப் பார்த்தாள். விரலில் குத்துகிறாள். பிழிகிறாள். சின்ன மெஷினில் ரத்தத்தைத் தொட்டு வைக்கிறாள். புஷ்பவள்ளிக்குத் தலைக்குமேல் சாமி வந்ததுபோல் ஆயிற்று. தாய்க்கும் வந்துவிட்டது! எவ்வளவு பெரிய சேதி! பிறகுதான் கவனித்தாள். நீலாவதி எண்ணைப் படித்தாள், “அஞ்சி புள்ளி ரெண்டு”, நட்சத்திரம் ஒட்டிய ஷாமினியின் புத்தகத்தைத் திறந்தாள், எழுதினாள். மதியம் பள்ளிக்கூடக் கேண்டினில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போகும்முன் மறுபடி. சாயங்காலம் வந்ததும் மறுபடி.

புரிவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஷாமினி குத்திப் பார்ப்பதை விட்டுவிட்டாள், ஊசியும் பாதி நாள்தான். அம்மா தொட்டால் விரலை மடக்கிக்கொள்கிறாள். புத்தகம் காலியாக இருந்தால் பின்கட்டடத்தில் பேரை அடித்துவிடுவார்கள், லோகேஸ்வரியைப்போல இவளையும் மறந்துவிடுவார்கள் என்று நீலாவதிக்குப் பயம். மெஷின் எண்ணை ஞாபகம் வைத்திருக்குமாம், டாக்டர் அதைத் திறந்து பார்ப்பாராம். அதனால் தன் ரத்தத்தைக் கொடுத்து மகளின் பேரில் எழுதிக்கொண்டிருந்தாள். நோய் இல்லாத, வேலை செய்து முறுக்கேறிய உடம்பின் ரத்தம். எண்கள் சித்திரம்போல் வந்தன.

அந்தச் சேதியை வயிற்றில் வைத்துக்கொண்டு புஷ்பவள்ளி பட்ட பாட்டை என்ன சொல்வது! பசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போய் யாரிடமும் பேசாமல் கத்தரிக்காய் வாங்கி வந்தாள். கத்தரிக்காய் விற்கும் அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். நல்லசாமியிடம் சொன்னால் சத்தியத்தில் சேருமா என்று யோசித்தாள். சேரும் என்று பட்டது, கட்டியவர் ஆனாலும் மனிதர்தானே. கடைசியில் ஒருநாள் முனியாண்டி மேடைக்கே போய் எல்லாவற்றையும் அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததுபோல் இருந்தது. ருசிக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பேச்சுக் குரல்.

மதியம் மூன்று மணி வாக்கில், நீலாவதி வேலைக்குப் போயிருக்கும் நேரம், பலகைக்கு அந்தப்புறம் ஷாமினி யாரோடோ பேசுவாள். போன் இல்லை, போனில் பேசுகிற குரல் வேறு. இது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளோடு பேசும் குரல். இடையில் பதில் வருகிற அளவுக்கு இடம் விட்டு, சிரித்து, மறுபடி பேசும்.

“நீ மொதல்ல குடி. எனக்கு அப்பறம் ஊத்து… ம்… அந்த மிஸ்ஸியா? இன்னும் அங்கதான் இருக்காங்க… இல்லடி, வலிக்கல. தாகந்தான்.”

குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம். ஒரு கோப்பை தரையில் வைக்கப்படும். அந்தச் சத்தம் அடங்குமுன்னே, கொஞ்சம் தள்ளி, இன்னொரு கோப்பை. புஷ்பவள்ளி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்திக் கேட்டாள். இரண்டு கோப்பைக்கும் நடுவில் இருந்த நேரம் சரியாக இல்லை. ஒரே ஆள் இரண்டையும் வைத்தால் அப்படிக் கேட்காது.

ஒருநாள் தாங்கமாட்டாமல் ஒரு கிண்ணம் ரசத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு போனாள். ஷாமினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் ஹேங்கர்போல் துருத்திக்கொண்டு. பக்கத்தில் இரண்டு கோப்பை. இரண்டும் காலி.

“யாரும்மா கூட?”

“ஃபிரண்டு அத்த. இப்பத்தான் போனா.”

புஷ்பவள்ளி ஓட்டமாக வந்துவிட்டாள். ரசக் கிண்ணத்தைத் திருப்பி வாங்கிவர இரண்டு நாள் ஆயிற்று.

நாலாவது மாதம் தவணை வந்தது. தாயும் மகளும் போனார்கள். நீலாவதி திரும்பி வந்தது தேர் வந்ததுபோல் இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்தே சிரிப்பு. நேராகப் புஷ்பவள்ளியின் வாசலுக்கு வந்தாள். நான்கு மாதத்தில் முதல் முறை. கையில் ஒரு தட்டு, சிரம்பானில் வாங்கிய சூடான வடை.

“புஷ்பாக்கா, டாக்டரு மெஷின தொறந்து பாத்துட்டு என்னா சொன்னாரு தெரியுமா? இந்த கிளினிக்லயே இப்பிடி யாரும் கொண்டாரலன்னுட்டாரு! சீனி கீழ எறங்கிப் போயிருமோன்னு ஊசியக்கூட கொறைச்சிட்டாரு. ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட்டு ரெண்டு வாரத்துல. அது கெடக்குது. எம்புள்ள தேறிட்டாக்கா!”

புஷ்பவள்ளி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் இல்லை. எழுதி எழுதித் தான் எழுதியதையே நம்பிவிட்டிருந்தாள். பின்னால் ஷாமினி வாசற்படியில் கையை ஊன்றி, ஏறுவதற்கு முன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். புது டாக்டர் பார்த்த எண் இந்தப் பெண்ணுடையது இல்லை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருத்தி மறந்துவிட்டாள். ஒருத்தி பேசமாட்டாள். மூன்றாமவள் வடைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, “சந்தோசம்லா நீலா” என்றாள்.

கற்பூரத்துக்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தாள் என்று பிறகு எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், கற்பூரம் பாதிதான். மீதி அந்தத் தட்டு. நான்கு மாதமாக அவள் முகத்தைப் பார்த்தால் கதவைச் சாத்திய வீட்டிலிருந்து வந்த தட்டு. நாளைக்குச் சொல்லலாம் என்று அன்று நினைத்தாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் பலகைக்கு அந்தப்புறம் பேச்சு இல்லை. அதற்குப் பதில் ரம்பம் அறுப்பதுபோல் ஒரு மூச்சு, ஆழமாக, விடாமல். கூரை இடைவெளி வழியாக ஒரு வாடை வந்தது, வெயிலில் கிடந்து கனிந்துபோன அன்னாசியின் வாடை. புஷ்பவள்ளி அடுப்பை அணைக்காமலே ஓடினாள். ஷாமினி தரையில் கிடந்தாள், கண் பாதி திறந்து. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

நல்லசாமியின் லாரி குலை ஏற்றியபடி மில்லுக்குப் புறப்பட்டிருந்தது. அதை மறித்தாள். செம்பனைக் குலையோடு சேர்த்தே சிரம்பான் வரைக்கும் ஓட்டினார் மனுஷன். முன்சீட்டில் அந்தப் பிள்ளையின் தலை அவள் மடியில். வழியெல்லாம் அந்த மூச்சு. அம்பாங்கான் சிக்னல் விளக்குக்கிட்ட வந்தபோது ஷாமினி ஒருமுறை கண்ணைத் திறந்து, அவளைத் தாண்டி வேறு எங்கோ பார்த்து, “கொஞ்சம் தள்ளி ஒக்காரு, அத்தைக்கி எடமில்ல” என்றாள். புஷ்பவள்ளி தன்னையறியாமல் கதவோடு ஒதுங்கிக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண், மதுமிதா என்று சட்டையில் பேர். கையில் குத்திப் பார்த்த மெஷின் எண்ணே காட்டவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. கேண்டினிலிருந்து கிராப் டாக்ஸி பிடித்து ஓடிவந்த நீலாவதி, ஈர ஏப்ரனோடு, புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“தப்பா இருக்கும் டாக்டர், பாருங்க, காலையிலகூட அஞ்சி புள்ளி நாலு! ஒங்க மெஷின்தான் கெட்டுப் போச்சி!”

“அம்மா, இது இவங்களோட ரீடிங்தானா?”

“பின்ன யாரோடது?”

டாக்டர் புத்தகத்தையும் ஷாமினியையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்தார்.

புஷ்பவள்ளி வாயைத் திறக்கவில்லை. நீலாவதியின் இடது கையைப் பிடித்தாள். நீலாவதி இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், புஷ்பவள்ளி விடவில்லை. உள்ளங்கையை மேலே திருப்பி, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டிலில் கிடந்த ஷாமினியின் கைக்குப் பக்கத்தில் விளக்குக்குக் கீழே வைத்துக் காட்டினாள். தாயின் விரல் நுனியெல்லாம் கடுகு தெளித்தது மாதிரி. மகளின் விரல்கள் வழவழவென்று, பிறந்த குழந்தையுடையதுபோல்.

நீலாவதி தன் கையையே முதல் தடவையாகப் பார்ப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஷாமினி பிழைத்தாள். ஆறு நாள் மயக்கம், மூன்று வாரம் படுக்கை. விழித்ததும் அம்மாவைக் கேட்கவில்லை. “அந்தக் கட்டில்ல இருந்தவ வீட்டுக்குப் போயிட்டாளா?” என்று கேட்டாள். அந்தக் கட்டிலில் யாரும் இருந்ததில்லை என்று நர்ஸ் சொன்னாள். மதுமிதா டாக்டர்தான் அவளுக்கு ஒரு ஏற்பாடு செய்தார்: பின்கட்டடத்திலேயே மாதத்தில் ஒரு மாலை, இளசுகளுக்கு மட்டும், தவறினால் போன் வரும். போன் அடிக்கும் வேலையை ஷாமினியே எடுத்துக்கொண்டாள். வாய் சொல்லாததைக் கை சொன்னதற்காக முனியாண்டி ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நீலாவதி அதற்குப் பிறகு புஷ்பவள்ளியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவள் கணவர் சந்திரன் வந்து, வீட்டைக் காலி செய்து, அம்பாங்கானில் வாடகைக்குப் போய்விட்டார்கள். பலகைக்கு அந்தப்புறம் இப்போது மூன்று வங்காளதேசத்துப் பையன்கள்.

நான்கு வருடம் கழித்து ஷாமினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யார் என்று கேட்டால் புஷ்பவள்ளிக்கே சொல்லக் கூசியது: மந்தின் புவனேஸ்வரன், லோகேஸ்வரியின் அண்ணன். ஷாமினி இறந்தவளின் வீட்டுக்கு அடிக்கடி போய் அவளுடைய அம்மா மோகனாவோடு உட்கார்ந்திருப்பாளாம். அப்படித்தான். நீலாவதி வந்து, பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டிவிட்டு, வாசலைப் பார்த்தபடியே போய்விட்டாள். வா என்று சொல்லவில்லை. புஷ்பவள்ளி போகாமல் இருப்பாளா!

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை மந்தின் வீட்டில் படையல். கன்னியாகச் செத்தவள் இருக்கும் வீட்டில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துச் சோறு போடாமல் இன்னொருத்தியை மருமகளாக அழைக்கக்கூடாது. தலைவாழை இலை, ரோஜா நிறப் புடவை, கண்ணாடி வளையல், மல்லிகை. எல்லாவற்றையும் வைத்துவிட்டு மோகனா அறையைச் சாத்தினாள். செத்தவள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் உள்ளே இருக்கக்கூடாது. நலங்கு முடிந்த கையோடு, வழக்கத்தை மீறி, தோழிக்காக ஷாமினியும் வந்திருந்தாள். பெண்களெல்லாம் கூடத்தில் குசுகுசுத்தபடி நின்றார்கள். வழக்கமாகக் கதவுக்கு முதல் ஆளாக நிற்கும் புஷ்பவள்ளி, செருப்புகள் கிடந்த வாசல் கிரில் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் யாரோ, போதும், திறக்கலாம் என்றார்கள்.

“இருங்க”, என்றாள் ஷாமினி.

நலங்கு மஞ்சள் காயாத நெற்றியைக் கதவில் சாய்த்து, கண்ணை மூடி நின்றாள். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம்தான் மற்றவர்களுக்குக் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, மெதுவாகச் சாப்பிடுகிற தோழியைப் பார்த்துச் சிரிப்பதுபோல், உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.